புவாலோவின் வாழ்க்கையைத் தேடிப் போகிறவர்களுக்கு: படிப்படியாக ஒரு வழிகாட்டி

17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞரும் விமர்சகருமான நிக்கோலா புவாலோவைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. பத்து மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் வேறு ஆளின் நூல்களைப் புரட்டியதிலும், எப்போதோ எரிந்துபோன ஆவணத்தைத் தேடியதிலும் கழிந்தது. கல்லூரி ஆய்வேட்டுக்கோ சொந்த ஆர்வத்துக்கோ இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த மாதங்களாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிரெஞ்சு நாளிதழை அகராதி துணையோடு படிக்கத் தெரிந்தால் போதும். பழைய பிரெஞ்சைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை.

1. முதலில் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

தேடல் பெட்டியில் வெறும் ‘புவாலோ’ என்று தட்டினால் குறைந்தது ஐந்து பேர் வருவார்கள். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸின் நகர அதிகாரியாக இருந்த எத்தியேன் புவாலோ ஒருவர். 20ஆம் நூற்றாண்டில் துப்பறியும் நாவல்கள் எழுதிய இரட்டையரில் ஒருவரான பியேர் புவாலோ இன்னொருவர். இவர்களைப் பார்த்தவுடனே ஒதுக்கிவிடலாம்.

ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நம் கவிஞருக்கு மூத்தவர்களான இரண்டு அண்ணன்மாரும் எழுத்தாளர்கள். ழில் புவாலோ 1659இலேயே பிரெஞ்சு அகாதெமிக்குள் போனவர், 1669இல் இறந்தார். ழாக் புவாலோ சொர்போன் இறையியல் அறிஞர், 1716 வரை வாழ்ந்தார். 1660களில் எழுதப்பட்ட ஒரு நூலில் ‘திரு. புவாலோ’ என்று மட்டும் வந்தால் அது பெரும்பாலும் அண்ணன் ழிலைத்தான் குறிக்கும். நம் ஆளை அந்தக் காலத்தவர்கள் ‘தெப்ரேயோ’ என்றுதான் அழைத்தார்கள். குடும்பத்துக்குக் க்ரோன் என்ற ஊரில் இருந்த வீட்டையொட்டிய சிறு புல்வெளியிலிருந்து வந்த பெயர் அது. அண்ணன் எழுதிய ஒரு வரியைத் தம்பியின் வாயில் வைத்து மூன்று பக்கம் எழுதிவிட்டு, பிறகு முழுவதையும் அடித்தேன்.

இன்னொன்று: 1666இல் வந்த அங்கதக் கவிதை நூலிலும், 1674இன் தொகுப்பிலும் ஆசிரியர் பெயர் முழுதாக இல்லை. முதலெழுத்தும் மூன்று நட்சத்திரக் குறிகளும்தான். பெயரை வைத்துத் தேடினால் முதல் பதிப்புகள் கையில் சிக்காமல் போக அதுவே காரணம். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் தரவுத் தளத்தில் 1636-1711 என்ற ஆண்டுகள் போட்ட புவாலோவின் பக்கத்தைப் பிடித்து, எப்போதும் அங்கிருந்தே தொடங்குங்கள். செலவு இல்லை, பத்து நிமிட வேலை.

2. ஒரே தாளில் தேதிகளை எழுதுங்கள்

புத்தகம் எதையும் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். என் தாளில் இருந்தவை:

1636 நவம்பர் 1: பாரிஸில், நீதிமன்ற வளாகத்தை ஒட்டிப் பிறப்பு. தந்தை நீதிமன்றப் பதிவாளர்.
1638: தாய் இறப்பு.
1656: வழக்கறிஞராகச் சேர்தல்.
1657: தந்தை இறப்பு. சிறிய சொத்து கைக்கு வருகிறது, சட்டத் தொழிலை விடுகிறார்.
1666: அங்கதக் கவிதைகளின் முதல் அதிகாரப்பூர்வப் பதிப்பு.
1674: ‘கவிதைக் கலை’, ‘லூத்ரேன்’ காவியத்தின் முதல் நான்கு காண்டங்கள், பழங்காலக் கிரேக்க விமர்சகர் லாங்கினஸின் நூல் மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றும் ஒரே தொகுப்பில்.
1677: நாடக ஆசிரியர் ராசீனோடு சேர்ந்து அரசர் பதினான்காம் லூயியின் வரலாற்றாசிரியர் பதவி.
1684: அகாதெமி உறுப்பினர்.
1685: ஓத்தெய் கிராமத்தில் வீடு வாங்குதல்.
1687: அகாதெமியில் எழுத்தாளர் பெரோவின் கவிதை வாசிப்பு. பழங்கால எழுத்தாளர்கள் உயர்ந்தவர்களா, புதியவர்களா என்ற சண்டை வெடிக்கிறது.
1694: பெரோவோடு சமாதானம்.
இறுதி ஆண்டுகளில்: ஓத்தெய் வீட்டை விற்றல்.
1711 மார்ச் 13: மறைவு.

இந்தத் தாள் ஏன் முக்கியம்? நாடக ஆசிரியர்களான மொலியேருக்கும் ராசீனுக்கும் விதி வகுத்துக் கொடுத்த ஆசான் என்று பள்ளிப் பாடநூல்கள் புவாலோவைக் காட்டி வந்தன. தாளைப் பாருங்கள். ‘கவிதைக் கலை’ வந்தது 1674இல். மொலியேர் 1673 பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார். ராசீனின் ‘ஆந்த்ரோமாக்’ மேடையேறியது 1667இல். நண்பர்கள் எழுதி முடித்துப் புகழ் பெற்றதைப் பார்த்த பிறகுதான் இவர் விதிகளை எழுதினார். இந்த ஒரு திருத்தம் கட்டுரையின் முகத்தையே மாற்றிவிடும். எனக்கு இது ஏழாம் மாதத்தில்தான் உறைத்தது.

படத்துக்கும் இதே எச்சரிக்கை. எங்கும் காணக் கிடைக்கும் ஓவியம் 1704இல் ரிகோ வரைந்தது. பெரிய பொய்முடி வைத்த 67 வயது முதியவர். அங்கதக் கவிதைகளால் ஊரைக் கொதிக்க வைத்தபோது அவருக்கு வயது 29. இளைஞனின் கதையை எழுதும்போது அந்த முதியவரின் முகம் குறுக்கே வர விடாதீர்கள்.

சில பழைய நூல்களில் பிறந்த ஆண்டு 1637 என்று இருக்கும். குழம்ப வேண்டாம், 1636தான்.

3. எந்தப் பதிப்பு, என்ன விலை

தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பழைய பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. ஆனால் எழுத்துத் தேடலை நம்பி உட்காராதீர்கள். அந்தக் காலத்து அச்சில் சொல்லின் நடுவிலும் தொடக்கத்திலும் வரும் ‘எஸ்’ எழுத்து நீளமாக, ‘எஃப்’ போலவே இருக்கும். கணினி அதை ‘எஃப்’ என்றே படித்துவிடுகிறது. ‘சத்தீர்’ (அங்கதம்) என்ற சொல்லைத் தேடினால் எதுவும் வராது, பக்கம் முழுக்க அந்தச் சொல் இருந்தாலும். தேடுவதற்கு 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோளுக்கு மட்டும் பழைய பதிப்பின் பக்கத்துக்குப் போங்கள்.

பழைய பதிப்புகளில் நாட வேண்டியது 1701ஆம் ஆண்டுப் பதிப்பு. அவரே பார்த்துத் திருத்தி, தன் முழுப் பெயரோடு வெளியிட்டது. அதில் அங்கதக் கவிதைகள் பதினொன்று. உங்கள் கையில் உள்ள நூலில் பன்னிரண்டு இருந்தால் அது பின்னால் வந்த பதிப்பு. பன்னிரண்டாவதை அச்சிட அரசர் அனுமதிக்கவில்லை. புவாலோ கண்மூடிய பிறகுதான் அது வெளிவந்தது.

அன்றாடம் படிக்க, குறிப்புரையோடு வந்த ஒரு சட்டைப்பைப் பதிப்பு கட்டாயம் வேண்டும். புதிதாக வாங்கத் தேவையில்லை. சேன் நதிக்கரைப் பழைய புத்தகக் கடையில் நான் 6 யூரோவுக்கு வாங்கினேன். குறிப்புரை இல்லாத பதிப்பை வாங்கினால், ஒரு வரியில் மூன்று பேரைக் கிண்டல் செய்யும் இந்தக் கவிஞரிடம் அவர்கள் யார் யார் என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

4. வாழ்க்கையைக் கவிதை வழியாகப் படிக்கும் வரிசை

எண் வரிசைப்படி முதல் அங்கதத்திலிருந்து தொடங்க வேண்டாம். அது நகரத்தை வெறுத்து வெளியேறும் ஒருவனின் பேச்சு. புவாலோவின் சொந்தக் கதை போலவே தோன்றும். ஆனால் ரோமானியக் கவிஞர் ஜுவெனாலின் மூன்றாம் அங்கதத்தை முன்மாதிரியாக வைத்து எழுதியது அது. இவர் கவிதையில் ‘நான்’ என்று வரும் இடமெல்லாம் அவரில்லை. பாதி இடங்களில் ரோமானியக் கவிஞர்களான ஹொராஸும் ஜுவெனாலும் அவர் குரலில் பேசுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் விழும் பெரிய குழி இதுதான்.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் ஐந்தாம் நிருபம் (நிருபம் என்றால் கடித வடிவக் கவிதை). பதிவாளரின் மகன், தம்பி, மாமன், மைத்துனன் என்று உறவுகளை அடுக்கிவிட்டு, அந்தப் பதிவறைத் தூசிக்குள் ஒரு கவிஞன் முளைப்பதைப் பார்த்து வீடே வெளிறிப்போனது என்கிறார். அறுபது ஆண்டு உழைத்த அப்பா விட்டுச்சென்றது சிறு வருமானமும் பின்பற்ற ஒரு முன்மாதிரியும்தான் என்றும் அதிலேயே வருகிறது. இந்தக் குடும்பம் எப்படிப்பட்டது என்று விளக்க இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அப்புறம் ஆறாம் அங்கதம். பாரிஸ் தெருக்களின் இரைச்சல், கூரைமேல் பூனைகளின் ஓலம், வண்டி நெரிசல், இரவுத் திருடர்கள். இதிலும் ஜுவெனாலின் சாயல் உண்டு. ஆனாலும் நகரம் அச்சு அசல் அவர் கண்ட பாரிஸ்.

மூன்றாவதாக ‘லூத்ரேன்’. சேந்த் ஷப்பெல் தேவாலயத்தில் 1667இல் பொருளாளருக்கும் தலைமைப் பாடகருக்கும் நடந்த உண்மைத் தகராறு அது. பாட்டுப் புத்தகம் வைக்கும் மேசையை எங்கே நிறுத்துவது என்பதுதான் பிரச்சினை. தலைமை நீதிபதி லமுவான்யோன் தலையிட்டுச் சமாதானம் செய்தார், புவாலோவை எழுதத் தூண்டியவரும் அவரே. காவிய நடையில் எழுதிய இதைச் சத்தமாக வாசியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் பாதிச் சுவை போய்விடும். கடைசி இரண்டு காண்டங்கள் 1683இல்தான் வந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் ராசீனுக்கு எழுதிய ஏழாம் நிருபம். ‘ஃபேத்ர்’ நாடகத்துக்கு எதிராக எதிரிகள் சூழ்ச்சி செய்த 1677இல் நண்பனைத் தேற்றி எழுதியது. மொலியேரைப் புதைக்கக் கெஞ்சிப் பெற்ற கொஞ்சம் மண் பற்றிய வரி இதில்தான் இருக்கிறது. விமர்சகர், சட்டம் வகுத்தவர் என்றெல்லாம் சொல்லும்போது மறைந்துபோகும் மனிதர் இந்தக் கவிதையில் தெரிகிறார். நான் பல இரவுகள் இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கடைசியாகப் பத்தாம், பதினோராம் நிருபங்கள். பத்தாவது, தன் கவிதைகளுக்கே சொல்லும் விடைமொழி. சிறுவயதிலேயே தாயை இழந்து, பதினாறு ஆண்டு கழித்துத் தந்தைக்காக அழுததாக எழுதுகிறார். உங்கள் தாளை எடுங்கள்: 1638இலிருந்து 1657 வரை பதினாறு இல்லை, ஏறக்குறைய பத்தொன்பது. சந்தத்துக்காகவோ மறதியாலோ நேர்ந்தது. கவிதையிலிருந்து உணர்ச்சியை எடுங்கள், எண்ணை எடுக்காதீர்கள். பதினோராவது, ஓத்தெய் தோட்டக்காரன் அந்துவானுக்கு எழுதியது. முதலாளி தனக்குத்தானே பேசிக்கொண்டு தோட்டத்தில் அலைவதைப் பார்த்து அவன் என்ன நினைப்பான் என்று கற்பனை செய்கிறார்.

‘கவிதைக் கலை’யை எங்கே வைப்பது? எல்லாவற்றுக்கும் பிறகு. அதை முதலில் படித்தவர்கள் பலர் அத்தோடு புவாலோவை மூடிவிடுகிறார்கள். கடைசியில் படித்தால், இருபது முறை தறியில் ஏற்றித் திருத்து என்று சொல்கிறவர் தன் வாழ்நாள் முழுக்க அதைச் செய்தவர் என்று தெரிந்த பின் படிப்பீர்கள்.

கால அளவு: வாரம் மூன்று மாலை ஒதுக்கினால் ஐந்து வாரம்.

5. கடிதங்களை விட்டுவிடாதீர்கள்

1687 கோடையில் புவாலோவுக்குக் குரலே போய்விட்டது. பூர்போன் என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குச் சிகிச்சைக்குப் போகிறார். ராசீனோடு அவர் எழுதிக்கொண்ட கடிதங்களில் மருத்துவர்களின் வாதங்கள், இடுப்பளவு நீர்க்குளியல் எடுக்கலாமா கூடாதா என்ற கவலை, குரல் திரும்பாத பயம் எல்லாம் இருக்கின்றன. அங்கதக் கவிஞருக்குக் குரல் இல்லாத கோடை அது. கட்டுரையில் ஒரு முழுப் பத்தி அதற்கு ஒதுக்குங்கள்.

லியோன் நகர வழக்கறிஞர் புரோசெத்தோடு 1699 முதல் நடந்த கடிதப் போக்குவரத்து இன்னொரு புதையல். ஒவ்வொரு வரிக்கும் யாரை மனதில் வைத்து எழுதினீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். 1716இல் குறிப்புரையோடு பதிப்பும் கொண்டுவந்தார். ஒரு எச்சரிக்கை: அறுபது வயதைக் கடந்தவர் முப்பது, நாற்பது ஆண்டுக்கு முந்தைய விஷயங்களைச் சொல்கிறார், அவரைக் கொண்டாடும் ஒருவர் எழுதிக்கொள்கிறார். இரண்டாவது சான்று இல்லாமல் எதையும் உறுதியாக எழுதாதீர்கள்.

6. எதைத் தேடக் கூடாது

இந்தப் பகுதிக்காகவே இந்த வழிகாட்டி என்று சொல்லலாம்.

முதலாவது, ஞானஸ்நானப் பதிவு. பாரிஸின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் ஒரு படி நகர மண்டபத்தின் பொறுப்பிலும் இன்னொரு படி நீதிமன்ற மாளிகையிலும் இருந்தது. 1871 மே மாதம், பாரிஸ் மக்கள் எழுச்சியான கம்யூன் கலவரத்தின் கடைசி நாட்களில் இரண்டு இடங்களும் எரிந்தன. ஏறக்குறைய 80 லட்சம் பதிவுகள் போயின. பிற்பாடு மீட்டுச் சேர்க்க முடிந்தது மூன்றில் ஒரு பங்குதான். புவாலோவின் மூலப் பதிவைத் தேடி நான் மூன்று வாரம் படங்களைப் புரட்டினேன். நீங்கள் ஒரு மணி நேரம்கூடப் புரட்ட வேண்டாம்.

மாற்று வழி உண்டு. தீக்கு முன்பே அந்தப் பதிவேடுகளைப் பார்த்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். சட்டப் பேராசிரியர் பெரியா சேன் ப்ரீ 1830இல் நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்த புவாலோ பதிப்பில் குடும்ப ஆவணங்கள் பற்றிய விரிவான செய்திகள் உண்டு. ஒகுஸ்த் ழால் 1867இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று அகராதியும் பதிவேடுகளைப் பார்த்து எழுதப்பட்டது. இரண்டும் காலிகாவில் இலவசம். ஆவணத்தையே பார்த்தேன் என்று எழுதாமல், இவர்கள் பார்த்ததைப் படித்தேன் என்று எழுதுங்கள்.

இரண்டாவது, அரசரின் வரலாறு. ராசீனும் புவாலோவும் ஆண்டுக்கணக்கில் எழுதிய கையெழுத்துப்படிகள் 1726இல் வலேன்கூர் என்பவரின் சேன் க்ளூ வீட்டுத் தீயில் அழிந்தன. தேடுவதில் பயனில்லை.

மூன்றாவது, வான்கோழிக் கதை. சிறுவயதில் வான்கோழி கொத்தியதால்தான் அவர் மணம் செய்யவில்லை, பெண்களைத் தாக்கி எழுதினார் என்று ஒரு கதை எங்கும் ஓடுகிறது. அது 1758இல், அவர் இறந்து 47 ஆண்டுக்குப் பின் தத்துவவாதி எல்வெசியுஸ் தன் நூலில் எழுதியதால் பரவியது. சிறுவனாக இருந்தபோது கல்லடைப்புக்கு அறுவை சிகிச்சை நடந்தது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு மனிதரின் வாழ்நாள் எழுத்தை ஒரு கோழியின் அலகால் விளக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

7. காப்பகத்துக்குப் போக வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். வீடு வாங்கிய பத்திரம், சொத்துப் பங்கீடு போன்ற பணவிஷயங்களை எழுதப் போகிறீர்கள் என்றால் மட்டும் போங்கள். பாரிஸ் நோட்டரிகளின் பத்திரங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் மாரே பகுதிக் கட்டடத்தில் இருக்கின்றன. அவை எரியவில்லை.

கையில் வேண்டியது: படம் உள்ள அடையாளச் சான்று (கடவுச்சீட்டு அல்லது வசிப்பிட அட்டை). வாசகர் அட்டைக்குக் கட்டணம் இல்லை. பத்திரத்தைக் கேட்கும் முன் எந்த நோட்டரி அலுவலகம், எந்தத் தேதி என்று தெரிந்திருக்க வேண்டும். பெயரை மட்டும் சொன்னால் கிடைக்காது. அந்த எண்களை அச்சில் வந்த ஆய்வுகளிலிருந்து முதலில் குறித்துக்கொண்டு, இருக்கையையும் ஆவணத்தையும் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பேனா உள்ளே போகாது, பென்சில் கொண்டுபோங்கள். ஃப்ளாஷ் இல்லாமல் கைப்பேசியில் படம் எடுக்கலாம். பழைய கையெழுத்தை அங்கேயே படிக்க முயன்று முதல் நாளை நான் வீணாக்கினேன். படம் எடுத்துக்கொண்டு வீட்டில் பெரிதாக்கிப் படியுங்கள்.

உட்கார்ந்து எழுத இடம் மட்டும் வேண்டுமென்றால், தேசிய நூலகத்தின் ரிஷ்லியூ கட்டடத்தில் உள்ள ஓவல் கூடத்துக்குச் சீட்டும் அட்டையும் இல்லாமலே போகலாம். காலையில் சீக்கிரம் போனால் இடம் கிடைக்கும்.

8. பாரிஸில் ஒரு நாள்

நேரில் பார்க்க முடிகிறவர்களுக்கு இது. காலை சித்தே மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் சேந்த் ஷப்பெல். நேரம் குறித்து முன்கூட்டியே சீட்டு வாங்குங்கள். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் விமான நிலையம் போலச் சோதனை நடக்கும், கத்தியும் கண்ணாடிப் பாட்டிலும் கொண்டுபோகாதீர்கள். புவாலோ பிறந்ததும் இந்த வளாகத்தை ஒட்டித்தான், முதலில் புதைக்கப்பட்டதும் இங்கே கீழ்த் தளத்தில்தான். ஆனால் கல்லறையை இங்கே தேடாதீர்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக்குப் பின் எச்சங்கள் இடம் மாறின.

அவை 1819 முதல் இருப்பது சேன் ழெர்மேன் தெ ப்ரே தேவாலயத்தில். நான்காம் எண் மெட்ரோவில் மூன்றே நிறுத்தம், நுழைவு இலவசம். எல்லோரும் தத்துவவாதி தெக்கார்த்தின் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். புவாலோவின் கல் வேறொரு பக்கச் சிற்றாலயத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றாக நின்று பாருங்கள். திருப்பலி நடக்கும் நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது, ஞாயிறு காலையைத் தவிருங்கள்.

அங்கிருந்து நடந்து மபியோன் நிலையம், பத்தாம் எண் மெட்ரோ, மிஷேல் ஆஞ்ழ் ஓத்தெய் நிலையத்தில் இறக்கம். அருகிலேயே புவாலோ தெரு. அவருடைய வீடு இன்று இல்லை. ‘ஹமோ புவாலோ’ என்ற குடியிருப்பு தனியாருடையது, வாயில் பூட்டியிருக்கும், உள்ளே விடச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். தெருவில் நடந்தாலே போதும். ராசீனும் மற்ற நண்பர்களும் நகரத்திலிருந்து வண்டி பிடித்து வந்த தூரம் எவ்வளவு என்று காலுக்குத் தெரியும்.

9. மொத்தச் செலவும் காலமும்

இணையத்தோடு நிறுத்திக்கொண்டால் குறிப்புரைப் பதிப்பின் விலை மட்டும்தான். பாரிஸ் நாளையும் சேர்த்தால் சேந்த் ஷப்பெல் சீட்டு, மூன்று நான்கு மெட்ரோ பயணங்கள், மதியச் சாப்பாடு. மெட்ரோ சீட்டு ஒன்று 2025 தொடக்கத்தில் 2.50 யூரோ ஆனது, போகும் முன் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலம்: பெயரும் தேதித் தாளும் ஒரு வாரம், கவிதைகள் ஐந்து வாரம், கடிதங்கள் இரண்டு வாரம், 1830ஆம் ஆண்டுப் பதிப்பையும் ழாலின் அகராதியையும் ஒத்துப் பார்க்க ஒரு வாரம், எழுத மூன்று வாரம். வேலைக்குப் போய்க்கொண்டே செய்தாலும் மூன்று மாதத்தில் முடியும். காப்பகமும் உண்டென்றால் இன்னும் ஒரு மாதம் சேருங்கள். ஆகஸ்டில் போக நினைத்தால் வாசிப்பறை திறந்திருக்கும் நாட்களை முதலில் உறுதி செய்துகொண்டு பயணச்சீட்டு வாங்குங்கள்.